பொம்மைக்கு வைத்த என் கை

நெரிமா, தோக்கியோ
பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியாக வேண்டும். வாசலில் பிளம் பூத்திருக்கிறது. போதும். நீங்கள் இருக்கும் அவோமோரியில் பனி எவ்வளவு என்று விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, விற்பனைக்கு வரப்போகும் உங்கள் உருவப் பொம்மை வந்தது. தயாரிப்பாளர் ஷிரோயாமாதான் மாதிரியைக் கொண்டுவந்தார். ரெசினில் செய்து வண்ணம் தீட்டியது, ஒரு சாண் உயரம். மேசையில் குனிந்து வரைந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பழுப்பு ஸ்வெட்டர், நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, மடியில் ரப்பர் துகள் என்று ஒன்றையும் விடவில்லை. முகம் அச்சு அசல் நீங்கள். அப்புறம்தான் கையைப் பார்த்தேன்.

அது என் கை.

சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. எட்டு வயதில் பள்ளிக்கூடத்து இழுப்புக் கதவில் நசுங்கிய என் சுண்டுவிரல். பென்சில் கரி தாளில் அப்பாமலிருக்க நான் சுற்றிக்கொள்ளும் பிளாஸ்திரிகூட அப்படியே இருக்கிறது.

நம் கடைசி அனிமேஷன் படத்தின்போது உங்கள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் படத்தைப் பற்றிய புத்தகத்துக்கு 'இயக்குநரின் கைகள்' என்று ஒரு புகைப்படம் கேட்டார்கள். ஷிரோயாமா உங்கள் ஸ்வெட்டரை என்னிடம் நீட்டி, "மொகம் தெரியாதுக்கா, கை மட்டும்தான்" என்றார். நானும் மாட்டிக்கொண்டேன். பாதிப் படத்துக்கு மேல் நான்தான் வரைந்துகொண்டிருந்தேன், அதனால் பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. பொம்மையைச் செதுக்கிய இனுகாய் என்பவர் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்ணில் பட்டதை நேர்மையாகச் செய்தார்.

என் கோபமெல்லாம் உங்கள்மேல்தான். இயக்குநர் பார்த்து முத்திரை குத்தாமல் எந்தப் பொம்மையும் அச்சுக்குப் போகாது. அவோமோரிக்கு உங்களுக்குப் பொம்மையின் புகைப்படங்கள் வந்தன. அதில் மூன்று கையை மட்டும் காட்டுபவை. அந்தத் தாளின் அடியில் உங்கள் முத்திரை சிவப்பாக, நேராக விழுந்திருக்கிறது. முத்திரைக்கு நடுக்கம் கிடையாதே!

வண்ணப் பிரிவு மிட்சுயோ முள்ளங்கி கொடுக்க வந்தாள். கழுத்துத் துணியைக்கூடக் கழற்றவில்லை. "ஐயையோ, இது உன் வெரலாச்சேடி!" என்றாள். அவளுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. முப்பத்தோரு வருஷம் பக்கத்து மேசையில் இருந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் குத்தினீர்களா? இரண்டில் எதற்கு அழுவது என்று யோசித்ததில் அடுப்பிலிருந்த மீன் கருகிப்போனது.

அதோடு விட்டார்களா? பொம்மையோடு வைக்க முன்னூறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் இயக்குநர் கையொப்பம் வேண்டுமாம். "சாரோட கையெழுத்து உங்களுக்கு அத்துப்படிதானேக்கா? நீங்களே போட்டுடுங்க. சாரும் சரின்னுட்டாரு" என்றார் ஷிரோயாமா.

சாரும் சரி என்றுவிட்டாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படம் வரஞ்சேன், டைட்டில்ல 'உதவி'ன்னு போட்டீங்க. கையக் குடுத்தேன், அதுக்குப் பேரே இல்ல. இப்ப அவரு பேரயும் நானே போடணுமா? வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். குனிந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார். ஸ்ட்ராபெர்ரி வைத்த மோச்சி இனிப்பு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார், அதை மட்டும் திருப்பித் தரவில்லை. ஆறையும் நானே தின்றேன். அதன்மேல் எனக்கென்ன கோபம்?

மறுநாள் இனுகாயைத் தொலைபேசியில் பிடித்து உண்மையைச் சொன்னேன். "அந்தப் பழைய படத்து ஆத்துப்பாலக் காட்சி?" என்று மட்டும் கேட்டார். நான் வரைந்ததுதான் என்றேன். "அதப் பாத்துட்டுத்தாம்மா நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றார். முன்பின் பார்க்காத ஒருவர் சொல்லிவிட்டார். நீங்கள் ஒரு நாளாவது சொன்னதுண்டா?

இருபதாம் தேதிக்குள் சொன்னால் உங்கள் கையையே செய்து மாற்றிவிடலாம், அல்லது பெட்டியில் என் பெயரைச் சேர்க்கலாம் என்றார். எதுவானாலும் நீங்கள் சொல்ல வேண்டுமாம். கையை மாற்ற வேண்டாம். அது உழைத்த கை, இருக்கட்டும். என் பெயரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொல்லுங்கள்.

முன்னூறு அட்டைகளையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஒவ்வொன்றின் நடுவிலும் நீலப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருக்கிறேன். இடப்பக்கம் உங்களுக்கு, வலப்பக்கம் எனக்கு. நீங்கள் போடாத அட்டையில் நானும் போடமாட்டேன். பிடிக்கச் சுலபமாக ஒரு பென்சிலில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் அடங்காது. நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. வரும் கடிதமெல்லாம் உங்கள் அண்ணியின் உருண்டை எழுத்து. 'நலம், கவலைப்படாதே' என்று அவர் எழுதினால் நான் எப்படி நம்புவது? கை நடுங்குவது எனக்குத் தெரியாதா? அந்தக் கையைப் பிடித்துச் சூப் ஊட்டியவள் நான்தானே. ஊருக்கெல்லாம் மறையுங்கள். என்னிடம் எதற்கு?

முன்னூறு முடியாவிட்டால் போகட்டும், ஒன்று போடுங்கள். கோணலாக வரட்டும், பாதியில் நிற்கட்டும். ஆனால் உங்கள் கையால் வரட்டும். அந்த முதல் அட்டை எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. அது எனக்கு.

கம்பளிக் கையுறையைக் கழற்றாமல் இருங்கள்.

கோபத்தோடு,
உங்கள் சவாகோ