அருவிக்குப் போகும் முன்

15-7-1979, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: இவர், பாளையங்கோட்டை காந்திமதிநாத பிள்ளை, நெல் ஆராய்ச்சிப் பண்ணை மந்திரமூர்த்தி, நான், பாத்திரம் தேய்க்க வந்த குருவம்மாள். கூடத்தில் மூன்று இலை. அப்புறம் அடுக்களையில் எங்களுக்கு இரண்டு.

பயிர்நோய் ஆய்வாளர் சங்கத்தின் பதக்கம் யாருக்கு என்று முடிவு செய்ய வருஷா வருஷம் சாரலுக்கு நம் வீட்டில்தான் கூடுகிறார்கள். பிள்ளைவாள் தலைவர், இவர் காரியதரிசி. பட்டியலில் இரண்டு பேர், இலஞ்சி இராமலட்சுமியும் வாஞ்சிநாதனும். காபி சாப்பிடும்போது மூன்று பேர் வாயிலும் இராமலட்சுமி பெயர்தான். "குலைநோய் தாங்குத நெல்லு எதுன்னு வயலு வயலா நின்னு பாத்திருக்கா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் மந்திரமூர்த்தி. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவள் இங்கிலீஷ் கட்டுரையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாசமாய்ப் படித்தேனே! பாதி புரிந்தது. அந்தப் பாதியே போதும்.

பிறகு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மூவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். நான் அப்பளம் பொரித்து வைத்தேன். ஈரத்தலையோடு திரும்பி வந்து, மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். எழுதியிருந்த பெயர் வாஞ்சிநாதன்.

பாயசத்தில் ஏலக்காய் போட மறந்துபோனேன். யாரும் கவனிக்கவில்லை.

16-7-1979

கேட்டேவிட்டேன். இவர் சொன்னது:

"அருவியில நிக்கறச்சே பேச்சு வந்தது. பதக்கம் வாங்கறவா ஊர் ஊராப் போய் லெக்சர் குடுக்கணும். கைக்குழந்தைக்காரி, எப்படிப் போவா பாவம், அவளை ஏன் சிரமப்படுத்தணும்னார் பிள்ளைவாள். எங்களுக்கும் சரின்னு பட்டது."

"வாஞ்சிநாதனுக்குக் குழந்தை இல்லையோ?"

"ரெண்டு இருக்கு."

"அவராலே போக முடியுமான்னு கேட்டேளா?"

"அவரை எதுக்குக் கேக்கணும்?"

பேப்பரை மடித்தார், மறுபடி பிரித்தார். கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. இரக்கப்பட்டுத்தான் செய்திருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பிச் சொல்லலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது?

20-7-1979, ஆடி முதல் வெள்ளி

இலஞ்சிக் குமாரர் கோவில். பிரகாரத்தில் இராமலட்சுமி, இடுப்பில் பாப்பா. முருகா, இன்றைக்கா அவளை என் எதிரே கொண்டுவந்து நிறுத்த வேண்டும்?

"மாமி, வாஞ்சிநாதன் சாருக்குக் கொடுத்துட்டாவளாமே. நல்ல உழைப்பாளிதான் அவுக" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு மெதுவாக, "எங்கிட்ட என்ன குறைன்னு கமிட்டில பேசினாவ, மாமி? தெரிஞ்சா மறுபடி நாத்துவிட்டு, மொதல்லேருந்து செஞ்சு பாத்துருவேன். சாருகிட்ட கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு."

இல்லாத குறையைத் தேடி மறுபடி வயலில் இறங்கப் போகிறாள்! கமிட்டியில் பேசியதை நான் எப்படி வெளியே சொல்வது? "உன் வேலையிலே ஒரு குறையும் இல்லேடி" என்றேன்.

"அப்பம் ஏன் மாமி?"

பாப்பா கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தேன். கொஞ்சம் பொறுத்து, ஏதோ பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, ஊர் ஊராய்ப் போகச் சொன்னால் உன்னால் முடியுமா என்று கேட்டேன்.

"எங்க அத்தையைப் பத்தித் தெரியாது ஒங்களுக்கு. 'ஏட்டி, பிள்ளை எங்கிட்ட கெடக்கட்டும், நீ ரயிலைப் பிடி'ன்னு பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சிருவாவ."

சந்நிதியில் எனக்கென்று ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

21-7-1979

இவரிடம் அப்படியே சொன்னேன். மோர் வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார்.

6-8-1979

பூ கட்டிக்கொண்டிருந்தேன். இவராகவே வந்து உட்கார்ந்து, "அவ அத்தையைப் பத்தி எங்களுக்கு எப்படித் தெரியும், வாலாம்பா?" என்றார்.

"கேட்டா தெரிஞ்சிருக்கும்."

நாரைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுவே முதல் தடவை.

29-6-1980

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. கமிட்டி ஜூலை பதின்மூன்றாம் தேதி. நாற்பது வயசுக்கு மேல் பதக்கம் கிடையாதாம். இராமலட்சுமிக்கு இதுதான் கடைசி வருஷம். இந்தத் தடவை அவளும் தஞ்சாவூர்க்காரர் ஒருத்தரும்தான்.

மனசிலே இருந்ததைச் சொல்லிவிட்டேன். "சங்கல்பம் பண்ணிண்டுதானே ஸ்நானம்? நீங்கள்லாம் குளிச்சுட்டு வந்து சங்கல்பம் பண்றேள். இந்த வருஷம் கூடத்துல பேசி, கூடத்துலயே கையெழுத்துப் போட்டப்புறம்தான் எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரும்."

"பிள்ளைவாள் கோச்சுப்பார்."

"கோச்சுண்டா இன்னொரு கரண்டி பாயசம். அப்புறம், பிரயாணம் முடியுமான்னு ரெண்டு பேரையும் கேளுங்கோ. அவளை மட்டும் கேட்டா அதுவும் தப்பு."

சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு கடிதம்.

13-7-1980, ஞாயிறு

வந்தவர்கள் அதே இரண்டு பேர்தான். விளக்கேற்றிவிட்டு அடுக்களைக் கதவோரம் நின்றேன்.

காபி முடிந்ததுமே பிள்ளைவாள், "என்ன மாமி, எண்ணெயைக் காணோம்? இன்னும் செக்குல ஆடுதா?" என்றார்.

"காய்ஞ்சிண்டிருக்கு பிள்ளைவாள். நீங்க கையெழுத்துப் போடறதுக்கும் அது ஆறறதுக்கும் சரியா இருக்கும்."

இவர் இரண்டு பதிலையும் வாசித்தார். தஞ்சாவூர்க்காரர், தாயார் படுத்த படுக்கையாக இருப்பதால் இந்த வருஷம் எங்கும் வர இயலாது என்று எழுதியிருந்தார். இராமலட்சுமி எழுதியது ஒரே வரி: எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் தெரிவிக்க வேண்டியது.

மந்திரமூர்த்தி தொடையைத் தட்டிச் சிரித்தார். "அண்ணாச்சி, நீங்க யாரைப் போகமாட்டான்னு சொன்னீயளோ அவ பெட்டி கட்டிட்டா. தஞ்சாவூர்க்காரருதான் வீட்டைவிட்டு அசையமாட்டாராம்!"

பிள்ளைவாள் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். "போன வருஷம் அவளுக்கு நல்லது செய்யுதோம்னுல்லா நெனச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல். அப்புறம் பேனாவை எடுத்து முதல் கையெழுத்து அவரே போட்டார்.

எண்ணெய்க் கிண்ணத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். ஆறித்தான் இருந்தது.

பாயசத்தில் ஏலக்காய் போட்டேன்.

14-7-1980

இராமலட்சுமியின் அத்தை, இன்னும் நேரில் பார்க்காத மனுஷி, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

10-6-1984

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இவர் காரியதரிசி வேலையை விட்டுவிட்டார். புதுக் காரியதரிசி அனுப்பிய கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசியில் இருந்த பெயரை இரண்டு தரம் வாசித்து மூக்கைத் துடைத்தேன். "அழறியா என்ன?" என்றார் படுத்தபடியே. சாரல் குளிர் என்றேன். இன்னும் சாரலே விழவில்லை.

பதிலை இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், நாளைக் காலை தபாலுக்கு:

"சௌபாக்கியவதி இராமலட்சுமிக்கு ஆசீர்வாதம். கமிட்டி இந்த வருஷமும் நம் வீட்டிலேயே என்று நீ எழுதியதில் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். கமிட்டியில் உன்னைத் தவிர இன்னும் பெண்கள் உண்டு என்று எழுதியிருக்கிறாய், எத்தனை பேர் என்று எழுதவில்லை. பாப்பா வருகிறாளா, அத்தையிடம் இருக்கிறாளா? வழக்கம்போலக் கையெழுத்து ஆன பிறகுதான் எண்ணெய். அதில் காரியதரிசிக்கும் சலுகை கிடையாது. ஐந்தருவிக்குப் பெண்கள் பக்கம் நானும் வருவதாக இருக்கிறேன். இத்தனை வருஷம் அப்பளம் பொரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். அரிசி நனைக்க வேண்டும், எண்ணெய் காய்ச்ச வேண்டும். பெண்கள் எத்தனை பேர் என்று சீக்கிரம் பதில் போடு."