ராம்ப்பில் நானே ஏற்றினேன்

ஜூன் 10, செவ்வாய்

லைசென்ஸ் வாங்கி எட்டு மாதமாகியும் காரின் பின்னால் இருக்கும் ‘எல்’ ஸ்டிக்கரை எடுக்க என் வீட்டுக்காரர் விடவில்லை. இன்று அவர் வேலைக்குப் போனதும் தனியாகத் தேனிக்கு வாட்டர் வாஷுக்கு ஓட்டிப் போனேன்.

அங்கே டயர் அகலமே உள்ள இரட்டை ராம்ப்பில் காரை ஏற்ற வேண்டும். கழுவுகிறவர், “சாவியக் குடுங்கக்கா, நான் ஏத்திருறேன். நேத்து ஒரு சாரே டயரக் கீழ எறக்கிப்புட்டாக” என்றார்.

“நானே ஏத்துறேன். நீங்க அங்கன நின்னு கையக் காட்டுங்க.”

முதல் தடவை பாதியில் ஆஃப் ஆகிவிட்டது. மறுதடவை ஏறிவிட்டது.

தண்ணீர் அடித்ததில் ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. “அமுக்கி ஒட்டிரவாக்கா?” என்றார். மீதியை நானே உரித்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. காலையில் பார்க்கட்டும். நாளை நாங்கள் இருவரும் ஆண்டிபட்டிக்குப் போகும்போது நான்தான் ஓட்டுகிறேன். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.