முற்றத்து வெயிலில் வைத்த சிவப்புப் பாசி

பாசி பிழைத்தாலும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் இன்னொரு தடவை பார்க்க வரமாட்டார் என்று அன்று சாயங்காலம் நான் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. கண்ணாடித் தொட்டியின் ஒரு பக்கத்தை நீயும் மறுபக்கத்தை நானும் பிடித்து, கல்லூரி முற்றத்திலிருந்து வடக்கு வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உப்புத்தண்ணீர் தளும்பி இரண்டு பேர் சேலையும் நனைந்தது.

இன்று பக்கத்து வீட்டு அக்கா, என் வீட்டுக் கூடத்து மூலையில் இருந்த மணி பிளாண்டை, "பாவம், வெயிலே படாமக் கெடக்கு" என்று மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். துணி எடுக்கப் போனபோது பார்த்தேன். வெயில் பட்ட பக்கத்து இலைகள் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிட்டன. அதைப் படிக்கட்டு நிழலில் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள்தான். துணி இன்னும் மடிக்கவில்லை. எழுந்திருக்க முடியாத அசதி.

நாம் இருவரும் அப்போது தாவரவியல் துறையில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர்கள். திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகும் உன் அண்ணன், முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டான முத்துப்பாருக்கு அருகே, எட்டுப் பாக ஆழத்தில், கிட்டத்தட்ட ஐம்பது அடிக்குக் கீழே, பாறையின் அடிநிழலில் வளரும் சிவப்புக் கடற்பாசியை உனக்காக எடுத்து வருவார். "முத்து வேணும்னா தேடலாம். இவ கேக்குதது பாசி" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். அடுத்த முறையும் கொண்டுவருவார்.

மங்கிய வெளிச்சத்துக்குப் பழகிய செடி என்பதால், உன் அம்மாவின் பழைய மெல்லிய வாயில் துணிச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தொட்டியின் மேல் போட்டிருந்தாய். ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்து, பாசித் துண்டை மூடிய புட்டியில் இட்டு, அது விடும் ஆக்சிஜனை அளப்பாய். வெளிச்சம் கூடக்கூட ஆக்சிஜனும் கூடும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் இறங்கும். ஒளியைப் பிடிக்கிற அமைப்பே அதிகப்படியான ஒளியில் பழுதாகிறது, செடி அதை உள்ளுக்குள் சரிசெய்துகொண்டே இருக்கிறது, பழுது முந்திக்கொண்டால் வெளுத்துவிடுகிறது என்பது உன் எண்ணம். அதைத் தொடர்ந்து பார்க்க உதவித்தொகை வேண்டும். அதற்காகத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது.

யாராவது வருகிறார்கள் என்றால் நல்லதையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவருவது நம் கல்லூரி வழக்கம். குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்தன, பித்தளைக் குத்துவிளக்கு வந்தது. உன் தொட்டியும் முற்றத்துக்கு வந்தது.

"பழைய சேலையப் போட்டு மூடி வச்சிருக்கியே, இது லேபா, சலவைக்கடையா?" என்றார் துறைத்தலைவி.

"மேடம், வெயில் தாங்காது."

"செடிக்கு வெயில் ஆகாதுன்னு வாரவர்கிட்ட நான் சொல்லவா? எடு அத."

நீ எடுத்தாய். அவர் வரும்போது வெளியே கொண்டுவரலாம் என்று கேட்டும் பார்த்தாய். "இப்ப வந்துருவாரு" என்றார் மேடம். வர வேண்டியவர் மறுநாள் மதியத்துக்கு மேல்தான் வந்தார். அதற்குள் சிவப்பு போய், பாசி காய்ந்த வைக்கோல் நிறத்தில் மிதந்தது.

"செத்துப்போச்சேம்மா" என்றார்.

"சாகல சார். வெளிச்சத்துல அடிபட்டிருக்கு. மூடி வச்சா ஒரு வாரத்துல தெரியும்."

அவர் சிரித்தார். "வெளிச்சம்தானம்மா செடிக்குச் சாப்பாடு?"

"சாப்பாடுதான் சார். சட்டியோட வாயில கவுத்தா யாருக்கும் மூச்சு முட்டும்லா?"

மேடம் உன்னை முறைத்தார். வந்தவர் காப்பி குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வராந்தாவில் சேலையை மறுபடி மடித்துப் போட்டுவிட்டு, "பொழைக்குமா, ஏளா?" என்று கேட்டாய். உன் உதடு வெடித்திருந்தது. இரண்டு நாளும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, தண்ணீர் சூடேறாமல் ஈரச்சாக்கால் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாய். சூட்டைக் குறைக்க முடிந்தது. வெளிச்சத்தைக் குறைக்க உனக்கு அனுமதி இல்லை.

"பாப்போம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மற்றதைச் சொல்லியிருந்தால், புட்டிகளைக் கழுவக்கூட உனக்குக் கை வந்திருக்காது.

வெளுத்துக் கிடக்கும் எதையும் செத்துவிட்டது என்று சட்டென்று சொல்ல எனக்கு இப்போது வாய் வருவதில்லை. மனிதர்களையும் அப்படித்தான். நிழலில் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எல்லாருக்கும் அந்த நாட்கள் கிடைப்பதில்லை.

பாசியின் அடித்தண்டுகளில் நிறம் திரும்பியது. புட்டியில் ஆக்சிஜனும் ஏறியது. உதவித்தொகை இல்லை என்ற செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. பிழைத்த பாசியை உன் அண்ணன் கடலுக்கே கொண்டுபோனார். நீ கயத்தாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். முதல் வருடம் முடிவதற்குள் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனாய்.