மேற்படி சம்சாரம்

கோபத்தோடு எழுதினாலும் பாசம் ஒரு பொட்டும் குறையாத என் மாமாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மின்னி பே வீட்டில் எல்லாரும் சௌக்கியம். உங்கள் மகன் சேகருக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. உங்கள் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன், வேறு யாரையும் விடுவதில்லை. நல்ல செய்தி இவ்வளவுதான். இனி உங்களோடு சண்டை போடப் போகிறேன். உயிரோடு இருந்தபோது குறுக்கே குறுக்கே பேசுவீர்கள். இப்போதாவது முழுசாகக் கேளுங்கள்.

ஆனி மாத மழையில் நம் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது பெட்டிக்குள் பல்லி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், அதோடு சரி. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு மேடம், புதுசு போட்டுத் தரேன்" என்றார். புதுசு யாருக்கு வேண்டும்? பழையதற்குள்தான் உங்கள் பிறப்புப் பட்டியல் இருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். இந்தத் தீவுகளில் ரங்கத் பக்கம் காடு வெட்டி வயல் போட்ட அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நீங்கள் அங்கே அரசு டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். டாக்டர் வருவதும் போவதுமாக இருந்த காலம். பிரசவ வலி என்று ஆள் வந்தால் சேற்றில் நடந்தும், டுங்கி என்று இங்கே சொல்கிற சின்னப் படகில் ஏறியும் நீங்கள்தான் போனீர்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நம் ஆட்கள் என்று பேதம் பார்க்காமல், பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் நோட்டில் எழுதி வைத்தீர்கள். கடிகாரத்தை நம்பாமல் கடலை நம்பினீர்கள். தண்ணீர் ஏற்றமா வற்றமா என்பதுதான் உங்கள் கணக்கில் பிறந்த நேரம்.

ரிட்டயர் ஆகிக் கண்ணும் மங்கிய பிறகு நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க, பத்து மாதம் நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். பூச்சி அரித்த அந்த நோட்டுகளைக் கடைசியில் கொளுத்தச் சொன்னது யார்? "அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சேம்மா, இனி இந்தக் குப்பை எதுக்கு?" என்றீர்கள். அப்போதே கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும். நானோ தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

இன்னொரு பிரதி எடுத்து வைத்தோமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தீர்கள்? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் துணி பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பை எரியவிடுவோமே, அந்தப் பல்புக்குப் பக்கத்தில். பட்டுப்புடவைக்கு நல்லது என்றால் ஹார்ட் டிஸ்குக்கும் நல்லது என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் எடுத்துப் பார்த்தபோது அதன் மூடி அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. தீவில் ஐம்பது வருஷம் இருந்தவருக்கு ஈரம் ஒன்றுதான் எதிரியாகத் தெரிந்திருக்கிறது.

உங்கள் மகன் என்ன சொன்னார் தெரியுமா? "அப்பாவே போயிட்டாரு, பட்டியல் போனா என்ன? விடு ராஜாத்தி." எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எப்படி விடுவது? நான் மாலதிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாலதியை உங்களுக்கு நினைவிருக்கும். ரங்கத் நிமாயின் மகள். லாங் ஐலண்டிலிருந்து அவள் அம்மாவை நீங்கள் டிஸ்பென்சரிக்குக் கொண்டுவரும் வழியில் டுங்கியிலேயே பிறந்தவள். கரை சேர்வதற்குள் அம்மா இறந்துவிட்டாள். நிமாய் அடுத்த வருஷமே வேறு கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவியின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுத்ததே இல்லையாம். பள்ளிக்கூடம் முதல் ரேஷன் கார்டு வரை எல்லாவற்றிலும் சித்தியின் பெயர்தான். இப்போது நிமாயும் இல்லை, சித்தியும் இல்லை. மாலதி தன் மகளுக்குக் கார்த்திகையில் கல்யாணம் வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் முன்னோர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் படைப்பது அவர்கள் வழக்கம். ஐம்பது வயது தாண்டிய மாலதிக்குப் பெற்ற தாயின் பெயர் தெரியாது.

சித்திரையில் பஸ் பிடித்து என்னைத் தேடி வந்தாள். "கம்பவுண்டர் பாபு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்னு என்கிட்ட சொல்லியிருக்கார், தீதி. முஜே பஸ் மா கா நாம் சாஹியே." அம்மாவின் பெயர் மட்டும் போதும் அக்கா என்றாள். நான் டீ கொடுத்து, "எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு, பார்த்துட்டு போன் பண்றேன்" என்று பெருமையாக அனுப்பிவைத்தேன். அன்று கரண்ட் இல்லை. மறுநாள் வேலை. அதற்கு மறுநாள் விருந்தாளி. அப்படியே ஆனி வந்துவிட்டது. ஐந்து நிமிஷ வேலையைச் செய்ய எனக்கு என்ன கேடு வந்தது?

செத்த டிஸ்கைச் சென்னைக்கு அனுப்பினால் உள்ளே இருப்பதை எடுத்துத் தருவார்கள் என்றார்கள். எதிர்வீட்டு ரஹ்மான் பாய் கடைக்குச் சரக்கு எடுக்கக் கப்பலில் மெயின்லேண்ட் போனார். "தங்கச்சி, கவலைப்படாத. இதை என் தலைமாட்டை விட்டு எடுக்க மாட்டேன்" என்று துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டார். சொன்னபடியே கொண்டுபோனார், இரண்டு மாதம் கழித்துப் பத்திரமாகத் திருப்பியும் கொண்டுவந்தார். அவருக்கு இருந்த பொறுப்பில் பாதி நமக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஃபைல்கள் வந்தன, ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். கப்பல் டிக்கெட், கரண்ட் பில், உங்கள் ரத்தப் பரிசோதனை, யாரோ ஒருவரின் பாதி முகம். நான்காம் நாள் உங்கள் பட்டியல் திறந்தது. மாமா, நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே நிமாயின் வரிசையைத் தேடினேன்.

"லாங் ஐலண்ட் வழியில். பாதி ஏற்றம். பெண். தகப்பன்: நிமாய். தாய்: மேற்படி சம்சாரம். தாய் மரணம். டுங்கி: பவுலுஸ்."

மேலே பார்த்தேன், மேற்படி சம்சாரம். கீழே பார்த்தேன், மேற்படி சம்சாரம். கடைசி வரைக்கும் அதேதான். கடல் பாதி ஏறியிருந்தது உங்களுக்குத் தெரிந்தது. படகு யாருடையது என்று தெரிந்தது. உங்கள் கண் முன்னால் உயிரை விட்டவளுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லையா? பேதம் பார்க்காதவர் என்று உங்களை ஊரெல்லாம் புகழ்ந்தேனே! இவ்வளவு காலமாக அந்தப் பெயர் தொலைந்துவிட்டது என்று டிஸ்கைத் திட்டினேன். உள்ளே இருந்தால்தானே தொலைவதற்கு?

பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அடிக்கும்போது தாய் பத்திக்கு வந்ததும் நீங்கள் சொன்னீர்கள்: "அந்தப் பத்தி பூரா ஒண்ணுதாம்மா. ஒரு தடவை அடிச்சுட்டு இழுத்து விட்டுடு." மௌஸைப் பிடித்து மேலிருந்து கீழே வரை இழுத்து நிரப்பியவள் நான்தான். நோட்டில் எங்கேயாவது ஓர் ஓரத்தில், ஒரு தாயின் பெயரையாவது நீங்கள் எழுதியிருந்தீர்களா? அதன் மேல்தான் நான் இழுத்துவிட்டேனா? நோட்டைத்தான் கொளுத்திவிட்டோமே, இனி யாரிடம் கேட்பது? நானும் ஒரு பெண்தான். பத்து மாதம் அடித்த எனக்கும் இது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருவதுதான் அதிகம்.

மாலதிக்கு போன் செய்து இருப்பதைப் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "கோயி பாத் நஹீ, தீதி. பரவாயில்லை. தண்ணி ஏறுற நேரத்துல பொறந்தேன்னு தெரிஞ்சுதே, அதுவே எனக்குப் புதுசு" என்றாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கிடைத்த துணுக்கை வாங்கிக்கொண்டு அவள் சந்தோஷப்பட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வரிசையில் மிச்சம் இருந்தது பவுலுஸ் என்ற பெயர் ஒன்றுதான். அடுத்த வாரமே லாங் ஐலண்டுக்குப் போட் ஏறினேன். சேகர் "உனக்குப் பைத்தியமா?" என்று படகு ஏறும் ஜெட்டி வரை கேட்டுக்கொண்டே வந்தார். பவுலுஸ் ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவராம், இறந்து வெகுநாள் ஆகிறது. அவர் மனைவி இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு பளிச்சென்று இருக்கிறது. அவரும் அன்று அந்த டுங்கியில் இருந்தாராம். இது உங்களுக்குத் தெரியும், பட்டியலில் அவருக்கும் இடமில்லை.

அவர் ஹிந்தியில் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பாபு ஊசி போடுறதுல இருந்தார், பவுலுஸ் துடுப்பு போட்டார். அந்தப் பொண்ணு என் மடியில கிடந்தா. பயப்படாத மகளே, உன் பேர் என்னன்னு கேட்டேன். பாருல்னு சொன்னா."

அவ்வளவுதான் மாமா. ஒரு கேள்வி. கேட்டார், அவள் சொன்னாள். படகில் உங்களுக்கும் அவளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்திருக்கும், நாலு அடி? குழந்தையைக் காப்பாற்றிக் கரை சேர்த்தவர் நீங்கள், அதை நான் மறக்கவில்லை, உங்களைக் குறை சொல்ல எனக்கே வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜெட்டியில் நின்றே மாலதியைக் கூப்பிட்டேன். "பாருல்" என்றேன். "ஃபிர் ஸே போலோ, தீதி" என்றாள். மறுபடி சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு அந்தப் பெயரை அவளே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது கேட்டது.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு கட்டத்தை அழித்துப் பாருல் என்று அடித்தேன். மற்றக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கல்யாணத்துக்கு ரங்கத் போகிறேன், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள வீடு ஒன்று விடாமல் போய், உங்களைப் பெற்றவள் பெயர் என்ன என்று கேட்பேன். பெயர் கிடைக்காத கட்டத்தைக் காலியாக விடுவேனே தவிர, அந்த இரண்டு வார்த்தையை இனி ஒரு கட்டத்திலும் விட்டுவைக்க மாட்டேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபித்தாலும் செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள் ராஜாத்தி,
தாய்: வேலம்மாள்.