காக்கையோடைக்கு வந்தவன்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. கடைக் கதவைத் திறக்கும் ஒவ்வொருவரோடும் ஒரு பிடி மணலும் உள்ளே வருகிறது. ஊரில் பாதி வீடுகளுக்குக் குழாய் இல்லை. அதனால் காசு போட்டு அவரவரே மெஷினில் துவைத்துக்கொள்ளும் என் சலவைக்கடையில் எந்த நாளும் கூட்டம்தான். மூலையில் இருக்கிற மெஷின் மறுபடி தண்ணீரை வெளியே விடாமல் அடம்பிடிக்கிறது.

இன்று ஒரு புது ஆள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முகம் நம்மவர் முகம், நடை வெள்ளைக்காரன் நடை. எங்கள் பழங்குடி மொழியான நவஹோவில் பேசினேன், விழித்தான். "மன்னிச்சுக்கோங்க, எனக்கு பாஷை தெரியாது" என்றான் ஆங்கிலத்தில். ரஸ்ஸல் ஹேகனாம். வீடு பார்மிங்டன் நகரத்தில். ஏன், பார்மிங்டனில் சலவைக்கடையே இல்லையா? அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து இங்கே ஏன் துவைக்க வேண்டும்?

மார்ச் 10, செவ்வாய்

மறுபடி வந்தான். துணி சுழல்கிற நேரத்தில் வெர்னா சின்னம்மாவிடம் பேச்சுக் கொடுத்தான். பழைய ஆஸ்பத்திரி எங்கே இருந்தது, அந்தக் காலத்தில் யார் யார் வீடு எந்தப் பக்கம் என்றெல்லாம். சின்னம்மாவும் அம்மாவும் ஒரே குலம். இரண்டு பேருக்கும் வாயைத் திறக்காத குணமும் ஒன்று. அவன் போன பிறகுதான் சொன்னாள்: "ஒன்னு சர்வே எடுக்க வந்தவன், இல்லன்னா வேதம் சொல்ல வந்தவன். ரெண்டும் ஆகாது."

எனக்கு வேறு சந்தேகம். போன மாதம்தான் சூரிய மின்சாரக் கம்பெனிக்காரர்கள் அம்மாவின் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். துரத்தி அனுப்பினோம். இப்போது நம் முகத்தோடு ஒருவனை அனுப்பியிருக்கிறார்களோ?

மார்ச் 12, வியாழன்

தம்பி லீலண்டை எச்சரிக்கலாம் என்று கூப்பிட்டால், அவன் ஏற்கனவே அந்த ஆளோடு உட்கார்ந்து ஆட்டுக்கறி தின்றிருக்கிறான்!

"அக்கா, அவன் கம்பெனிக்காரன் இல்ல. கைக்குழந்தையா இருந்தப்போ இங்கேர்ந்து தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். யூட்டாவுல ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துல வளர்ந்திருக்கான். வளர்த்த அம்மா சாகறப்போதான் காக்கையோடைன்னு ஊர் பேரையே சொல்லியிருக்கா."

"எந்த வருஷமாம்?"

"அறுபத்து மூணு."

போனை வைத்துவிட்டேன். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும். பெரியம்மா ஒருத்தி ஒரே ஒருமுறை சொன்னாள். வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன ஆண் குழந்தை. இறந்துவிட்டது என்றார்கள், உடலைத் தரவில்லை. இறந்தவரைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதில்லை. அம்மா ஒரு சொல் சொன்னதில்லை.

லீலண்ட் இதை அவனிடம் உளறியிருப்பானோ? அதைக் கேட்டுக்கொண்டு வருஷத்தைப் பொருத்தியிருப்பானோ?

மார்ச் 22, ஞாயிறு

என்னைக் கேட்காமல் லீலண்ட் அவனை அம்மாவிடம் கூட்டிப் போய்விட்டான். செய்தி தெரிந்து நான் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா அவன் காதைப் பார்த்தாள். கையைத் திருப்பி விரல்களைப் பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். உனக்கு யார் தலை வாரிவிட்டார்கள், குளிரில் யார் போர்த்திவிட்டார்கள், உன் குலம் எதுவென்று யாராவது சொன்னார்களா... அம்மா இத்தனை பேசி நான் கேட்டதில்லை. மொழிபெயர்க்கச் சொல்லி அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"சௌக்கியமான்னு கேக்கறாங்க" என்றேன்.

அவன் நம்பவில்லை. லீலண்டைப் பார்த்தான். அந்த முட்டாள் ஒன்றுவிடாமல் சொன்னான்.

கிளம்பும்போது அவன் கேட்டது: "அம்மாவுக்கு வயசாச்சே, இந்த ஆடுகளை யார் பாத்துக்கறாங்க?" வந்ததா விஷயம் வெளியே!

மார்ச் 29, ஞாயிறு

அம்மா வீட்டு அடுப்பின் புகைக்குழாயைச் சரிசெய்து கொடுத்தானாம். யார் கேட்டது?

ஏப்ரல் 7, செவ்வாய்

நேராகவே கேட்டுவிட்டேன். "எச்சில் குடுத்து டி.என்.ஏ. சோதனை எடுத்துடலாம். சம்மதமா?"

"நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றான். அதைக்கூடத் தயாராக வைத்திருக்கிறானே என்றுதான் தோன்றியது.

அம்மாதான் சண்டை போட்டாள். "என் எச்சில் எதுக்குடி ஊர் ஊரா போகணும்? எனக்குச் சந்தேகம் இல்ல. உனக்குத்தானே? உன் எச்சில அனுப்பு!" கடைசியில் முறைத்துக்கொண்டே துப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ரோமம் கத்தரிக்கும் நாள். அம்மா ஒரு பெண் ஆட்டைப் பிடித்து நிறுத்தி, அவன் கையில் கத்தியைக் கொடுத்து, காதில் அடையாளம் வெட்டச் சொன்னாள். இனி அது அவனுடையது. சின்ன வயதில் எனக்கும் லீலண்டுக்கும் அப்படித்தான் தந்தாள். பெற்ற பிள்ளைக்குத் தருவது அது.

குடு. எல்லாத்தையும் குடு. வயித்து வலின்னு நீ படுத்தப்போ ராத்திரி பூரா உக்காந்திருந்தது யாரு? கிணத்துலேர்ந்து டிரம்மு டிரம்மா தண்ணி கொண்டாந்தது யாரு? எவனோ ஒருத்தன் வந்து புகைக்குழாயைத் தட்டுனா அவன் பிள்ளை!

மே 5, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. அவன் அம்மாவின் பிள்ளை இல்லை. எங்களுக்கு எந்த வகையிலும் ரத்த உறவு இல்லை.

நான் சொன்னதுதான் சரி.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் சுழலும் துணியைப் பார்த்தான். "அவங்க கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா, அத மொழிபெயர்க்க லீலண்ட் வேணும்" என்றான். மெஷினை நிறுத்தினான். துணியைப் பிழியக்கூட இல்லை; சொட்டச் சொட்ட பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான். கதவுவரை தரையெல்லாம் தண்ணீர்.

ஏமாற்ற வந்தவன் அப்படிப் போவானா?

மே 6, புதன்

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப என் பிள்ளை எங்கடி?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே 12, செவ்வாய்

அவன் வரவில்லை.

மே 17, ஞாயிறு

அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆடுகளோடு போகிறாள், வருகிறாள். லீலண்ட் என்னோடு பேசுவதில்லை.

மே 24, ஞாயிறு

ஊர்க்கூட்டம். வழக்கமான சண்டைகள்: சாலைக் குழி, தெருநாய், குடிதண்ணீர் லாரி ஏன் நம் பக்கம் வருவதில்லை. முடிகிற நேரத்தில் அம்மா எழுந்து நின்றாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் பார்த்ததில்லை.

தன் குலத்தைச் சொன்னாள், தகப்பன் குலத்தைச் சொன்னாள். பிறகு, "அறுபத்து மூணுல என் பையன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். செத்துட்டான்னாங்க. நான் பாக்கல. இப்ப நான் அத நம்பல. இங்க வேற யாருக்காவது இப்படி ஆச்சா?" என்றாள்.

அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம் என்று நான் எழுந்தேன்.

வெர்னா சின்னம்மா கையைத் தூக்கினாள். அதே முகம், அதே இறுக்கம். "எனக்கும். பையன்தான்."

பின்வரிசையில் ஒரு கை. சுவரோரம் ஒரு கை. கதவருகே நின்றிருந்த கிழவர் ஒருவர், "என் தங்கச்சி. பள்ளிக்கூடத்துல விடறோம்னு கார்ல ஏத்துனாங்க" என்றார். நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை. எல்லாருமே என் கடை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து துணி காய்வதற்குக் காத்திருப்பவர்கள். ஒருவருக்கும் மற்றவர் கதை தெரியாது. தன் வீட்டில் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

யாரைச் சந்தேகிக்க வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, துணி துவைக்க வந்தவனை...

மே 27, புதன்

கடையைப் பூட்டிவிட்டு பார்மிங்டன் போனேன். வெல்டிங் பட்டறையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கழற்றவே அவனுக்கு மனமில்லை.

"உன் ஆட்டை யார் மேய்ப்பா? என் தலையில கட்டிட்டு வந்துட்டியா?" என்றேன்.

"அது என் ஆடு இல்லையே. நான்தான் உங்க ஆள் இல்லையே."

"எங்க ஆள் இல்லதான். ஆனா ஊர்ல யாரோட ஆளாவோ இருக்கலாம்." கூட்டத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. அவன் முகக்கவசத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். வருவான் என்றும் எனக்கு உறுதியில்லை.

ஜூன் 2, செவ்வாய்

வந்தான். பையோடு கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பெஞ்சில் இடமே இல்லை. முன்னால் வெர்னா சின்னம்மா, விசேஷத்துக்குப் போடுகிற வெல்வெட் சட்டையும் நீலக்கல் மாலையுமாக. சுவரோரம் நின்றிருந்த ஒரு கிழவர்கூடத் தலை சீவியிருந்தார். அத்தனை கண்களும் அவன் காதை, கையை, நிற்கிற விதத்தைப் பார்த்தன.

"உள்ள வா, மணல் வருது" என்றேன்.

அவன் துணியை மெஷினில் போட்டான். அது ஒன்றுதான் ஓடியது. மற்ற யாரும் துணி கொண்டு வரவில்லை.