ஐஸ்கொம்பனித் தாங்கி

ஆவணி 6, வியாழன்

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மண். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் றோசலின் எழுதுகிறாள். இருமலையும் எழுதவா மாமா என்கிறாள்.

மூடிக்கிடந்த ஐஸ்கொம்பனியை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பக்கத்து உப்புக் கிட்டங்கி போன கிழமையே போய்விட்டது. கரை நெடுக நடைபாதை வருமாம். ஐஸ்கொம்பனி நின்ற இடத்தில் ஐஸ்கிறீம் கடையாம்.

மத்தியானம் அக்கரை மண்டபம் அகதி முகாமில் இருந்து மகள் ஸ்ரெல்லாவின் போன். சண்டைக்காலத்தில் வள்ளம் ஏறிப் போனவள். பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சல், அங்கேயும் மழையில்லை. முடிக்கும்போது, "சரியப்பா, வாறன்."

வாறன். போனில் எல்லாரும் வைக்கிறன் என்றுதானே சொல்வார்கள். மடு மாதா திருவிழாவுக்குத்தான் வருகிறாள்.

ஆவணி 7, வெள்ளி

அறை ஒதுக்கியாயிற்று. தலையணை உறை பழசு. அக்கா சும்மா சொல்லியிருப்பா என்றான் மகன், கடலுக்குப் போகுமுன். அவனுக்கு என்ன தெரியும்.

ஒரு யோசனை. ஒழுங்கை முழுக்க மதிலும் மாடிவீடும். அவளுக்குத் தெரிந்த அடையாளம் ஐஸ்கொம்பனித் தண்ணீர்த் தாங்கி ஒன்றுதான். அன்று வள்ளத்தில் இருந்து கடைசியாகத் தெரிந்ததும் அதுதான் என்று சொன்னவள்.

இடிக்கிறவர்களிடம் போனேன். திருவிழா முடியும்வரை தாங்கியை விடச் சொன்னேன்.

"தாங்கிக்கும் மடுவில நேர்த்தியோ ஐயா?" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். நானும்தான். அவர்களின் பெரியவர், திங்கள் பார்ப்போம் என்றார்.

ஆவணி 9, ஞாயிறு

பூசை. காற்று விழவில்லை. தாங்கி நிற்கிறது, இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். ஸ்ரெல்லாவுக்குப் பாரைமீன் தலை என்றால் உயிர். இப்பவே வாங்கி வைப்போமா என்றேன். நாறிப்போகும் மாமா என்றாள் றோசலின்.

ஆவணி 10, திங்கள்

காலையில் பெரிய சத்தம். போய்ப் பார்க்கவில்லை. புழுதி முற்றம் வரைக்கும்.

பின்னேரம் ஸ்ரெல்லா போன் எடுத்தாள். என்றைக்கு வருகிறாய் பிள்ளை என்றேன். எங்கே என்றாள். வாறன் என்றாயே என்றேன்.

பிள்ளைகளை வெளியே போகச் சொன்னது கேட்டது.

"வைக்கிறன் எண்டு சொல்ல மனம் வரேல்லை அப்பா. அதுதான்."

சரி, சரி என்றேன். காசு, கடதாசி எல்லாம் சரிவரட்டும், பிறகு வருவாளாம். எனக்காகச் சொன்னாள். பிறகு, "எங்கட தாங்கி இன்னும் நிக்குதே அப்பா?"

"ஓம் பிள்ளை. நிக்குது."

றோசலின் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது என்றேன். நிற்கிறது.