உடைத்தவர் பெயர்

ஜூன் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் சித்தியும் சௌக்கியம். சித்தியோட தையல் மெஷினும் சௌக்கியம். நான் அதைத் தொடவே இல்லை, சத்தியமா. போன்ல பேச ஆரம்பிச்ச உடனே நமக்குள்ள சண்டை வந்துடுது, அதான் கடிதம். இதுல நீ குறுக்கே பேச முடியாதே!

விஷயத்துக்கு வரேன். நம்ம நூலகத்து மாடியில சனிக்கிழமைதோறும் அறிவியல் பட்டறை நடக்குது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க யார் வேணா போகலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்துல வேலை பார்க்கிற ஒரு அக்கா நடத்துறாங்க, லேப் அக்கான்னு கூப்பிடுவோம். மோட்டார், பேட்டரி, பழைய ரேடியோ, ஒயர்னு அங்க இல்லாததே இல்லை. பட்டறைக்குன்னு ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் எதைச் செஞ்சாலும் இன்னொருத்தர்கிட்ட உடைக்கக் கொடுக்கணும். எங்க உடையுதுன்னு தெரிஞ்சாத்தானே சரியாச் செய்ய முடியும்? அப்புறம் அதுல ஒரு அட்டை கட்டுவாங்க: செய்தவர் இன்னார், உடைத்தவர் இன்னார். உடைத்தவர் இடத்துல என் பேர்தான் அதிகம். வீட்டுல எதைத் தொட்டாலும் திட்டு வாங்கின எனக்கு அங்க கைத்தட்டல்!

கேட்டுட்டுப் போயிருக்கணும்னு சொல்லுவே. கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டே. இப்ப கேக்கிறேன், போகட்டுமா?

உன் வாலு

ஜூன் 21

என் வாலுப் பொண்ணுக்கு,

உன் கடிதத்தை டீ குடிக்கும்போது படிச்சுட்டுத் தனியா சிரிச்சேன். கூட இருந்த நர்ஸுங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. உடைக்கிறதுக்கு ஒரு பட்டறையா? நீ ரேடியோவைப் பிரிச்சுப் போட்டப்ப ஒரு ஸ்க்ரூ என் காலைப் பதம் பார்த்துச்சே, அது இன்னும் மறக்கலை. சரி, போய்த் தொலை. ஆனா கணக்குல மார்க் குறைஞ்சா அன்னைக்கே நிறுத்திடுவேன்.

இங்க ஆஸ்பத்திரியில என் வார்டுல புதுக் கட்டில் எல்லாம் வந்திருக்கு, பளபளன்னு. பழைய தொல்லை மட்டும் போகலை. நோயாளி எங்களைக் கூப்பிடுற மணியோட பொத்தான் ஒயர்ல தொங்கும். புரண்டு படுத்தாப் போச்சு, கீழே விழுந்துடும். ஒரு தாத்தா, பாவம், மணி எட்டாம கையைத் தட்டித் தட்டிக் கூப்பிடுறார். அவருக்கே நான் ஓடி ஓடி என் காலு வீங்கிடுது.

சித்தியைப் படுத்தாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தி போன்ல சொல்லியிருப்பாங்க. சித்தி சொல்றதுல பாதி சித்தியோட பயம். நடந்ததை நான் சொல்றேன்.

எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து அறிவியல் கண்காட்சி. எங்க பட்டறைக்கும் ஒரு மேசை கொடுத்தாங்க. அடுத்த மேசையில வேற பள்ளிக்கூடத்துப் பொண்ணு, கண்ணாடிக்காரி, ஐஸ் குச்சியால ஒரு பாலம் கட்டி வெச்சிருந்தா. அப்படி ஒரு அழகு! "பத்துச் செங்கல் தாங்கும்"னு எழுதியும் வெச்சிருந்தா. அவ தண்ணி குடிக்கப் போயிருந்தா. எங்க பட்டறையில ஒருத்தர் செஞ்சதைப் பார்த்து "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டுப் போறது அவமரியாதை. உடைச்சுப் பார்க்கிறதுதான் மரியாதை. கை பழகிப் போச்சும்மா. பக்கத்துல கிடந்த செங்கலை ஒண்ணொண்ணா வெச்சேன். பத்தும் தாங்குச்சு. சபாஷ்னு சொல்லிட்டு விட்டிருக்கலாம். பதினொண்ணாவதையும் வெச்சேன். படார்!

அவ திரும்பி வந்து பார்த்துட்டு அழுதாளே ஒரு அழுகை! நானோ "நடுவுல ஒட்டு சரியில்லை, பார்த்தியா?"ன்னு ஆசையா விளக்கிக்கிட்டு இருக்கேன். அட்டை கட்ட நூல் வேற தேடினேன்! அவ முகத்தைப் பார்த்த பிறகுதான், உலகம் பூரா எங்க பட்டறை இல்லைன்னு உறைச்சுது. நடுவருங்க எங்களைப் போட்டியிலேருந்தே தூக்கிட்டாங்க. என்னால மத்த பிள்ளைங்களுக்கும் போச்சு. வெட்கமா இருக்கும்மா.

இனிமே வீட்டுலேருந்து அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இல்லாம யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு நூலகத்துல சொல்லிட்டாங்க. எல்லாரும் கொடுத்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கி. அனுப்புவியா?

வாலு

ஆகஸ்ட் 14

வாலு,

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு! அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் குனிஞ்சு உட்கார்ந்து ஒட்டியிருப்பா? சம்மதக் கடிதம் கிடையாது. சனிக்கிழமை கணக்கு டியூஷன்ல சேர்த்துவிடச் சொல்லி சித்திகிட்ட சொல்லிட்டேன்.

நான் எதுக்கு இங்க வந்து முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குப் படுக்கை விரிக்கிறேன்? நீ நல்ல காலேஜ்ல சேரணும்னுதானே? உன் பக்கத்துல இருந்து உன்னைப் பார்த்துக்க முடியலை. அந்தப் பயம் எனக்கு எப்பவும் இருக்கு. நாளைக்கு எதையாவது உடைக்கப் போய் அது உன் மேலேயே விழுந்தா, நான் எங்கேருந்து ஓடி வருவேன்?

உடைக்க மட்டும் தெரிஞ்சாப் போதாதுடி.

அம்மா

ஆகஸ்ட் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

டியூஷன்ல சேர்ந்துட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை. சாரைக் கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்கிட்டேன். சனிக்கிழமையை நான் விடறதா இல்லை. உள்ளே விட மாட்டாங்க, அதனால நூலகத்து வெளி மாடிப்படியில போய் உட்கார்ந்துக்கிறேன். லேப் அக்கா எட்டிப் பார்த்து, "அம்மா கடிதம் வந்துச்சா?"ம்பாங்க. "வரும்"பேன்.

உடைக்க மட்டும் தெரிஞ்சாப் போதாதுன்னு எழுதியிருந்தே. உண்மைதான். பள்ளிக்கூடம் விட்டதும் கண்ணாடிக்காரி வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்திட்டா. மறுநாளும் போனேன், மறுநாளும் சாத்தினா. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்க இல்லையா? கடைசியில அவ அம்மாவே, "உள்ளே வந்து தொலை"ன்னு விட்டுட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாலத்தைத் திரும்பக் கட்டினோம். நடுவுல குறுக்குக் குச்சி கொடுத்தோம். இப்ப பதினஞ்சு தாங்குது. பதினாறாவதை அவளே வெச்சு உடைச்சா. உடைஞ்சதும் சிரிச்சா பாரு! இப்ப அவளும் பட்டறையில சேர்ந்துட்டா. அவ உள்ளே, நான் படியில. நல்ல நியாயம்!

புதுக் கட்டில் வந்திருக்குன்னு எழுதினியே, அதை யாராவது நல்லா உலுக்கிப் பார்த்தாங்களா? நோயாளி உலுக்கிறதுக்கு முன்னாடி வேற ஒருத்தர் உலுக்கணும் இல்லையா? அந்த வேற ஒருத்தரா இருக்கத்தான் எனக்கு ஆசை. விளையாட்டு இல்லைம்மா. நீ சரின்னு சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.

வாலு

செப்டம்பர் 17

அம்மா,

பதிலே காணோம். போன்லயும் "சாப்பிட்டியா, படிச்சியா"வைத் தாண்டி நீ பேச மாட்டேங்கிறே. கோபம்னா திட்டியாவது எழுது. திட்டு எனக்குப் புதுசா?

மழை ஆரம்பிச்சுடுச்சு. சித்தி குடை கொடுத்திருக்காங்க. படியிலதான் இருக்கேன்.

கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு. இதைச் சொல்லி உன்னை மசிய வைக்கப் பார்க்கலை. சரி, பார்க்கிறேன்தான்.

வாலு

செப்டம்பர் 30

என் வாலுக்கு,

கோபத்துல எழுதாம இல்லை. எழுத எடுத்தா கை ஓடலை.

கட்டிலை உலுக்கிப் பார்த்தாங்களான்னு நீ கேட்ட கடிதம் கிடைச்ச வாரம், அந்தக் கைத்தட்டுற தாத்தா எழுந்து உட்காரக் கட்டில் பக்கத்துக் கம்பியைப் பிடிச்சார். புதுக் கட்டில். கம்பி கழண்டு கையோட வந்துடுச்சு. நல்லவேளை நான் பக்கத்துல இருந்தேன், தாங்கிப் பிடிச்சுட்டேன். என் தோள் இன்னும் வலிக்குது. அவருக்கு ஒண்ணும் ஆகலை.

அவரைப் படுக்க வெச்சுட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா? வார்டுல இருக்கிற ஒவ்வொரு கட்டிலோட கம்பியையும் பிடிச்சுத் தொங்கிப் பார்த்தேன். "உனக்கு என்ன ஆச்சு?"ன்னு தலைமை நர்ஸ் ஓடி வந்தாங்க. "என் பொண்ணு வேலையைப் பார்க்கிறேன்"னேன். இன்னும் ரெண்டு கம்பி கையோட வந்துச்சு. எல்லாக் கட்டிலையும் கழட்டிச் சரி பண்ணிட்டாங்க. எனக்கு அழுகை அழுகையா வந்துச்சுடி. மழையில உன்னைப் படியில உட்கார வெச்சுட்டேனே!

இதோட வர்ற பார்சலைப் பிரிச்சுப் பாரு. மணிப் பொத்தான் விழாம கட்டிலோட பிடிச்சு வெச்சுக்க ஒரு பட்டை, நானே தைச்சது. என் பழைய யூனிபார்ம் துணி, ரெண்டு பட்டன், ஒரு கொக்கி. தையல் கேவலமா இருக்கும், சித்தி சிரிச்சா சிரிச்சுக்கட்டும். இதே மாதிரி இன்னொண்ணு தாத்தா கட்டில்ல மாட்டியிருக்கேன், இதுவரைக்கும் விழலை. ஆனா நான் செஞ்சதை நானே நம்பிடலாமா? இழு, முறுக்கு, தண்ணியில ஊறப் போடு, கண்ணாடிக்காரியை விட்டுத் தொங்கச் சொல்லு. எங்க பிய்யுதுன்னு எழுது. பிய்யவே இல்லைன்னு எழுதினா நம்ப மாட்டேன்.

படியில உட்கார்ந்து உடைக்காதே, உள்ளே போய் உடை. சம்மதக் கடிதம் பட்டையோட மடிச்சு வெச்சிருக்கேன்.

அட்டையும் கட்டியிருக்கேன். செய்தவர்னு போட்டு "அம்மா"ன்னு எழுதிட்டேன். கீழே உன் பேரை நீ எழுதிக்கோ.

அம்மா